விதை உதிருமுன் திறந்த கொறங்காடு

பாசமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் எதிரில் நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள், இப்போது ஊரார் காதிலும் விழும்படி எழுதுகிறேன். கோவித்துக்கொள்ளாதீர்கள். மனதுக்குள்ளேயே வைத்திருந்தால் கம்பெனியில் வேலைக்கு நடுவே கண் கலங்கிவிடுகிறது. பக்கத்து சீட்டுக்காரி கேட்டால் பனியன் தூசி என்கிறேன்.

நம் மேய்ச்சல் நிலத்தை, அந்தக் கொறங்காட்டை, கெடுத்துவிட்டேன் அப்பா.

மழை பெய்ததும் படலைச் சாத்திவிடுவீர்கள். கொழுக்கட்டைப் புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை மாடுகளை உள்ளே விடமாட்டீர்கள். அதுவரை ஓடைக்கரையிலும் தரிசிலும் நீங்களே ஓட்டிப்போய் மேய்ப்பீர்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தே, நீங்கள் கண்மூடியபின் வந்த இந்த முதல் வருஷம் புல் ஒரு சாண் எழும்பியதும் திறந்துவிட்டேன். எட்டு மணிக்குக் கம்பெனி பஸ். அம்மாவுக்கு முட்டி வலி. யார் ஓட்டிப்போவது?

மாதம் முடிவதற்குள் வேர்வரை கடித்துவிட்டன.

“ஏங் கண்ணு, உங்க காடு பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துருச்சா?” பக்கத்துக் காட்டு சரசக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

பசி தாங்காத மயிலை மாடு, கிளுவை வேலியை முட்டிக்கொண்டு அவருடைய மக்காச்சோளத்தில் புகுந்தது. அன்றிலிருந்து மூன்று மாடும் கட்டுத்தரையில், மூட்டைத் தீவனத்தில். பகலில் கயிற்றையே அறியாத மயிலைக்குக் கழுத்தில் புண். வேப்பெண்ணெய் தடவப் போனால் தள்ளி நிற்கிறது. உங்களுக்குக் கழுத்தை நீட்டிக் கொடுக்குமே? எனக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

“தை பொறந்தா சந்தைக்கு ஓட்டிரலாங் கண்ணு. இப்பிடிக் கட்டிப்போட்டு வளக்கறதுக்கு வளக்காமயே இருக்கலாம்,” என்கிறாள் அம்மா.

“இன்னொரு மழை வரட்டுங்கம்மா.”

“மழை வரும். படலச் சாத்திட்டு மாட்ட மேய்க்கறதாரு? உங்க கம்பெனி மேனேஜரா?”

போன வாரம் மழை வந்தது. முள்மரங்களின் அடியில், மாட்டு வாய் எட்டாத இடங்களில் மட்டும் பச்சை தெரிகிறது. சரசக்கா ஒரு பை புல் விதை கொண்டுவந்து, “மொட்டைத் தலையில முடி மொளைக்க வேண்டாமா?” என்று என் கையில் திணித்தார். மக்காச்சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

விதைத்துவிட்டேன். படலைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். இந்தத் தடவை விதை உதிரும்வரை திறக்கமாட்டேன். இது சத்தியம்.

ஒன்றை இவ்வளவு நேரமும் தள்ளிக்கொண்டே வந்தேன். என் பட்டமளிப்புக்கு வந்த அன்று, உட்கார இடமிருந்தும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேதான் பார்த்தீர்கள். திரும்பும் வழியில், “இனி நீ மாட்டுப் பின்னால போக வேண்டாங் கண்ணு. அது என்னோட போகட்டும்,” என்றீர்கள். நான் தலையாட்டினேன். அப்பா, அதை மீற எனக்கு அனுமதி கொடுங்கள். சம்பளம் இல்லாமல் சிரமப்படுவோம் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். தை பிறக்குமுன் கம்பெனி வேலையை விட்டுவிடுகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் பேச்சைத் தட்டாத,
இப்போது தட்டப்போகிற,
மகள்