கே ஏழு என்ற வெள்ளை வளையம்

சாய்ந்தமருது
17.01.2025, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் றிபாவுக்கு, வாப்பாவின் அஸ்ஸலாமு அலைக்கும். நான், உம்மா, தங்கச்சி அஸ்னா, மருமகன் சப்ரி, பிறந்து இருபத்தாறு நாளான பேத்தி ஸஹ்றா எல்லோரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். அந்த இங்கிலாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்ற நினைப்புத்தான் எப்போதும். சுகம் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன், உடம்புக்குச் சுகம்தான் மகள், மனசுதான் இரண்டு கிழமையாகச் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் நான் போனைத் தூக்கினாலே உம்மா ஒரு பக்கம், அஸ்னா ஒரு பக்கம் வந்து நின்றுகொள்வார்கள். அதனால் திங்கட்கிழமை லெஸ்டருக்குத் திரும்புகிற பின்வீட்டு முர்ஷித்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பொட்டலமும் தருவான். கடிதத்தை முழுதும் வாசித்த பிறகு அதைப் பிரி.

மழை விட்டபாடில்லை. வெள்ளம் வடிந்தும் குசினிச் சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. உம்மாவுக்குச் சீனி கூடிவிட்டது, கிளினிக்குக்குப் போகச் சொன்னால் பிள்ளையை யார் பார்க்கிறது என்கிறாள். ஸஹ்றா உன்னைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தூங்குகிறாள். முதல் கிழமை அஸ்னாவுக்குப் பால் போதவில்லை, பிள்ளை அழுத அழுகையில் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, அதெல்லாம் உனக்கு அப்போதே சொன்னோம். இப்போது பால் தாராளமாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பால் வந்த கதையைத்தான் எழுத வந்தேன்.

நீ அனுப்பிய கேமராவோடு நான் கரைவாகு வட்டை வயல்வெளிக்குப் போகத் தொடங்கி நாலு வருடமாகிவிட்டது. சுபஹு தொழுதுவிட்டு உன் முபாறக் மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினால் ஆறு மணிக்கு வரம்பில் இருப்போம். மாமா தன் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவார், நான் யூரியாப் பையை விரித்து அதில் குந்தியிருப்பேன். நூறு படம் எடுத்தால் தொண்ணூறு கலங்கியிருக்கும், மீதியில் பாதி வால் மட்டும். ஊரில் பகிடிக்குப் பஞ்சமில்லை, சேர்வேயர் இப்ப குருவிக்குக் காணி உறுதி எழுதுறாராம் என்று சந்தியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முப்பது வருடம் நில அளவையில் சங்கிலி பிடித்த எனக்கு, யாருக்கும் எல்லை போடாமல் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்தக் கே ஏழை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புத்தகத்தில் அதற்குக் கருவால் மூக்கன் என்று பெயர், எங்கள் ஊரில் நீர்க்கரையில் நிற்கிற எல்லாமே உள்ளான்தான். முதல் வருடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காலில் வெள்ளை வளையம், அதில் கறுப்பில் கே ஏழு. நீதான் தேடிப் பிடித்து, அதை மாட்டிய ஆராய்ச்சிக்காரர்களுக்கு இங்கிலீஷில் எழுதினாய். எங்கோ வடக்கே புல்வெளியில் முட்டையிட்டு, மலையெல்லாம் கடந்து இங்கே வருகிறது என்று அவர்கள் அனுப்பிய தாளை நான் ஆஸ்பத்திரித் துண்டுகளோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்று வருடம், மூன்று முறை, அதே தெற்கு வாய்க்கால் பக்கம். மற்றவை கூட்டமாக மேயும், இது நாலு கவடு, நாலு எட்டு, தள்ளி நின்று மூக்கு முழுவதையும் சேற்றுக்குள் விட்டு எடுக்கும். ஒரு நாள் ஏறிட்டுப் பார்த்தது, அந்தப் படத்தைத்தான் நீ உன் வேலைத்தலத்தில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாய்.

போன வருடம் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள், உனக்கு நினைவிருக்கும். அங்கே இந்தப் பறவைகளைப் பிடிக்கிறார்களா என்று. இங்கு யாரும் கை வைப்பதில்லை, நான் பொறுப்பு என்று எழுது என்றேன். வாப்பா, அப்படி எழுதலாமா என்று நீ கேட்டாய். எழுது மகள், உன் வாப்பா இருக்கிற ஊர் என்றேன். அந்த வாயை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த ஜனவரி முதலாம் திகதி அது திரும்ப வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வராது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வரும்வரை கூடப் பொறுக்காமல் வரம்பில் இருந்தபடியே கேமராத் திரையைப் போனில் பிடித்து எங்கள் குடும்பக் குறூப்பில் போட்டேன். என்னால் ஒரு இடத்தைச் சரியாகச் சொல்லாமல் இருக்க முடியாது, அது என் தொழில் தந்த வியாதி. தெற்கு வாய்க்கால், இரண்டாவது மதகிலிருந்து நாற்பது கவடு மேற்கே, காலை ஆறரை, இருபதுக்கு மேற்பட்ட உருப்படி, பயமில்லாமல் மேய்கின்றன என்று எழுதினேன். நீ ஒரு இதயம் போட்டாய். முபாறக் மாமா பெருவிரலைப் போட்டார்.

அதற்கு இரண்டு நாளுக்கு முன்னர்தான் உம்மா தன் தம்பியான உன் முபாறக் மாமாவைக் கூப்பிட்டு, பிள்ளைப்பெற்றவளுக்கு உள்ளான் கறி கொடுத்தால் பால் ஊறும், எங்கேயாவது எடுத்துத் தா என்று கேட்டிருந்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், கேமராவுக்குப் பெட்டரி மாற்றிக்கொண்டு. இந்தக் காலத்தில் உள்ளான் எங்கே கிடைக்கும் என்று சிரித்தேன். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லவில்லை மகள். மாமா வலை கட்டுவதை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல், அதனால் கேட்டாலும் நடக்காது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை மாமா காலையில் என்னைக் கூட்டிப் போக வரவில்லை, வேலை இருக்கு மச்சான், இண்டைக்கு நீங்க ஓய்வெடுங்க என்று சொல்லியனுப்பினார். ஜும்ஆ முடிந்து வந்தபோது வீடெல்லாம் மிளகு வாசம். மாமி சட்டியோடு கொண்டுவந்து வைத்திருந்தாள், புளியில்லாத பத்தியக் கறி. அஸ்னா சாப்பிட்டாள். மிஞ்சியதை எனக்கும் உம்மா பரிமாறினாள். காடையா என்று கேட்டேன், உள்ளான் என்றாள், சரி எங்கேயோ விலைக்கு எடுத்திருப்பார் என்று நினைத்தேன், நினைக்கத்தான் விரும்பினேன். நல்ல ருசி. அந்த மெல்லிய எலும்புகளைச் சூப்பினேன். ஆணம் இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டும் வாங்கினேன். இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

மறுநாள் காலையில் மாமா வந்து, அஸ்னாக்குப் பால் எப்பிடி என்று முதலில் கேட்டார். ராவு புள்ள அழவே இல்ல தம்பி என்று உம்மா சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் மடிப்பை எடுத்தார். மச்சான், நீங்க எடம் சரியாச் சொன்னதால ஒரு வீச்சில பட்டிச்சு, ஒவ்வொண்டா பிஸ்மி சொல்லி முறையா அறுத்தன், ஒண்டுட கால்ல இது இருந்திச்சு, நம்பரெல்லாம் உங்களுக்குப் பிரியம்தானே, அதான் வச்சன் என்றார். பற்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார் மகள். கே ஏழு பளிச்சென்று தெரிந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓம், நல்லது என்றேன். அவர் ஒரு பாவமும் அறியாதவர். அந்த மனுசன் தன் ராத்தா மகளுக்காக விடியுமுன் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார், எனக்குப் பிரியமானதைத் தேடி எடுத்துக் கழுவித் தந்திருக்கிறார். அவருக்கு எல்லா உள்ளானும் ஒன்று. வட்டையில் அத்தனை பெரிய வெளியில் அந்த நாற்பது கவடு இடத்தைக் காட்டிக் கொடுத்தது நான். பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிற வீட்டில் ஒரு குருவிக்காக எப்படி முகத்தைத் தொங்கப்போடுவது? அஸ்னாவிடம் சொன்னால் அவள் தின்றதைக் கக்கிவிடுவாள். கறியால்தான் பால் வந்ததோ, டொக்டர் சொன்னபடி தண்ணீர் குடித்து வந்ததோ, அல்லாஹ்தான் அறிவான்.

அன்றிலிருந்து நான் வட்டைக்குப் போகவில்லை. கேமராவைத் துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். மாமா ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் ஹோன் அடிக்கிறார். முழங்கால் வலி என்று பொய் சொல்கிறேன். முந்தாநாள் அதற்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, குனிந்து அவரே தேய்த்தும் விட்டார். எனக்கு அழுகை வந்தது, நோகுதா மச்சான் என்று கேட்டார்.

இனி நீ செய்ய வேண்டியது. பொட்டலத்தில் இருப்பது அந்த வளையம். அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதை அனுப்பி, உள்ளபடி எழுது. கே ஏழு உயிரோடு கடைசியாகக் காணப்பட்டது ஜனவரி முதலாம் திகதி, தெற்கு வாய்க்கால். இறந்தது மூன்றாம் திகதி. வலை கட்டியவர் பெயரை எழுதாதே, அவரை விசாரணை அது இதென்று யாரும் இழுக்கக்கூடாது. இடம் சொன்னவன் என்று என் பெயரை முழுதாக எழுது. சாப்பிட்டவர்களில் ஒருவன் என்றும் எழுது. போன வருடம் நான் பொறுப்பு என்று சொன்னேனே, அது பொய்யாகிப் போகாமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் வயிற்றிலும் ஒரு பிள்ளையை அல்லாஹ் தருவான், உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறாள், நானும் கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்லு. காதை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உன் வேலைத்தலத்தில் ஒட்டிய படத்தைக் கழற்றாதே, அதில் அது உயிரோடு நிற்கிறது. அவர்களுக்கு எழுதி முடித்ததும் குறூப்பில் ஒன்றும் போடாதே, மாமா பார்ப்பார். எனக்குப் போன் எடுத்து முழங்கால் எப்படி வாப்பா என்று கேள், நான் விளங்கிக்கொள்வேன்.

உன்னை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும்,
உன் வாப்பா
எம். ஐ. ஜவாத்