அம்மா பேருக்கு வந்த மாத்திரைகள்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்,
12-7-1974

அன்புள்ள ராகேல்,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலம்தானே. கல்லூரி திறந்து பத்து நாள் ஆகிறது. மழை இன்னும் விடவில்லை. கிழக்கேகோட்டையில் குடையோடு பஸ்ஸுக்கு நிற்பதிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது.

இந்த வருஷம் முதல் வருஷப் பெண்களுக்கு மனோதத்துவத்தில் தூக்கம், போதை மருந்துகள், மனித வளர்ச்சி மூன்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். தூக்கம் பற்றிய பாடம் மத்தியானம் இரண்டு மணிக்கு. முப்பத்தெட்டுப் பேரில் பதினொரு பேர் செய்தே காட்டிவிட்டார்கள். பிறந்த குழந்தை பதினாறு மணி நேரம் உறங்கும், எழுபது வயதில் ஐந்தோ ஆறோதான் என்று சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்பம் பதினெட்டு வயசுக்கு எத்தற டீச்சர்?" என்றாள். வகுப்பில் உறங்குவதைச் சேர்க்காமல் எட்டு என்றேன்.

அம்மாவின் தூக்க மாத்திரை ஒன்பதுதான் மீதி இருக்கிறது. வழக்கம்போல உங்கள் மருந்துக்கடையிலிருந்து முப்பது, மைதீனின் லாரியில் கொடுத்தனுப்பு. வியாழக்கிழமை அவன் சாலைக் கடைத்தெருவில் சரக்கு இறக்கும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன். அம்மா அப்படியேதான் இருக்கிறாள்.

உன்,
நாச்சியார்


பாளையங்கோட்டை,
21-7-1974

என் பிரியமுள்ள நாச்சி,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் யாவரும் சுகம். இந்த வரியைப் படித்து நீ உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுழித்துக்கொள்.

மாத்திரை முப்பதும் மைதீனிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே அம்மாவுக்கு ஒரு ஓலைப்பெட்டி சில்லுக் கருப்பட்டி. மழைக்குச் சுக்குக் காப்பி போட்டுக்கொடு. எறும்பு ஏறவிடாதே.

எனக்கு ஒரு குறை உண்டு. ஆறு கடிதமாக அம்மாவின் இரண்டு வரியைக் காணோம். நாம் இரண்டு பேரும் ஹாஸ்டலை விட்ட நாளிலிருந்து உன் கடிதம் எது வந்தாலும் நான் முதலில் அடியைத்தான் பார்ப்பேன். "ராகேலுக்கு ஆசீர்வாதம். நல்லா சாப்பிடு, நல்லா ஒறங்கு." கோணல் எழுத்து, பென்சிலில். அந்த இரண்டு வரிக்காகத்தான் உன் இரண்டு பக்கத்தைப் படிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளேன்.

இன்னொன்று. மருந்து இன்ஸ்பெக்டர் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். ஒரே சீட்டை வைத்துக்கொண்டு மாதாமாதம் தூக்க மாத்திரை கொடுப்பது சட்டப்படி தப்பு. அவர் வராவிட்டாலும் எனக்கு உறுத்தல்தான். அம்மாவை டாக்டரிடம் காட்டிப் புதுச் சீட்டு வாங்கி அனுப்பு. ராத்திரி ஜெபத்தில் "சிவகாமியம்மாளுக்கு நல்ல உறக்கம் கொடும்" என்று தவறாமல் சொல்கிறேன். நீ நம்பாவிட்டாலும் அம்மாவிடம் சொல், அவள் சந்தோஷப்படுவாள்.

உன் பிரியமுள்ள,
ராகேல்


ஸ்ரீவராகம்,
14-8-1974

அன்புள்ள ராகேல்,

மாத்திரையும் கருப்பட்டியும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. பென்சில் பிடிக்க முடியவில்லை. சீட்டு அடுத்த மாதம் வாங்கிவிடுகிறேன். மழையில் அவளை எங்கே அழைத்துக்கொண்டு அலைவது.

வகுப்புச் செய்தி ஒன்று. செய்முறைக்காக ஒவ்வொரு பெண்ணும் நாற்பது வயதைத் தாண்டிய வெளியாள் ஒருவரின் தூக்கத்தைப் பதினாலு நாள் பட்டியல் போட வேண்டும். எப்போது படுத்தார், எப்போது விழித்தார், காப்பி எத்தனை, மருந்து உண்டா. ஆளின் பெயரை எழுதக் கூடாது என்பது விதி. பெயருக்குப் பதில் ஒரு எழுத்து, ஆணா பெண்ணா, வயது, வீட்டில் யார் யார், அவ்வளவுதான். ஞானபாய் என்று பாறசாலைப் பெண் ஒருத்தி, படு சூட்டிகை. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ஒத்துக்கொண்டிருந்த அத்தை கடைசி நேரத்தில், "நான் ஒறங்குறத நீ எதுக்குட்டி எழுதணும், கண்ணு படும்" என்று சொல்லிவிட்டாளாம். ஹாஸ்டலில் இருப்பவள், நாற்பது வயதுக்கு மேல் வேறு ஆளுக்கு எங்கே போவாள்? எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியின் பட்டியலை நானே கொடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பையில் இருந்தது.

உன்,
நாச்சியார்


பாளையங்கோட்டை,
2-9-1974

என் பிரியமுள்ள நாச்சி,

இந்த மாதத்து முப்பதையும் ஒரு பெட்டி கருப்பட்டியையும் அனுப்பியிருக்கிறேன். சீட்டில்லாமல் இதுதான் கடைசி, சொல்லிவிட்டேன்.

போன தடவை மைதீன் திரும்பி வந்து என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, ஒங்க டீச்சரம்மா பாதி ஆளா மெலிஞ்சு போயிருக்காவ. அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்னேன். தூங்குதாவ, வேண்டாம்னுட்டாவ. பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம்க்கா அது?" எனக்கும் அதே கேள்விதான். மாத்திரை அதிகமாகிறதோ என்று பயமாக இருக்கிறது. பூஜை லீவுக்கு வருகிறேன். நானே அம்மாவைக் கண் டாக்டரிடமும் மற்ற டாக்டரிடமும் அழைத்துப் போகிறேன். நீ லீவு போட வேண்டாம். என் மடியில் தலை வைத்து அவள் கொஞ்சம் தூங்கட்டும்.

உன் பிரியமுள்ள,
ராகேல்


ஸ்ரீவராகம்,
15-9-1974

அன்புள்ள ராகேல்,

வராதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

ஞானபாய் தன் நோட்டைக் கொண்டுவந்தாள். "பெண், வயது 48, வீட்டில் வேறு ஆள் இல்லை. பதினாலு இரவிலும் மாத்திரை. கடைசி நாலு இரவில் இரண்டிரண்டு." முடிவுரையில் "இது உறக்கம்தானா?" என்று ஒரு கேள்வி எழுதியிருந்தாள். முடிவுரையில் கேள்வி இருக்கக் கூடாது என்று இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அவள் போகவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், அந்தம்மா ஒறங்கல்ல. மயங்கிக் கெடக்காங்க."

"எழுத்தில் அப்படிப் போட முடியாது. சான்று வேண்டும்" என்றேன்.

"எழுதல்ல டீச்சர், ஒங்ககிட்டதான் சொல்றேன். இந்த மாத்திரய ஆரு கொடுக்கா? கொடுக்கற ஆளுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் ஆராவது போய்ச் சொல்லண்டாமா?"

அந்தப் பெண்மணி நான்தான், ராகேல். அம்மா இல்லை. ஜனவரி பதினெட்டாம் தேதி, தை ஐந்து, போய்விட்டாள்.

போன வருஷமே அவளுடைய மாத்திரையில் ஒன்றை எப்போதாவது நான் எடுத்துக்கொள்வது உண்டு. அவள் இருமினால் எனக்குத் தூக்கம் கெடும், காலையில் முதல் வகுப்பு இருக்கும். அன்றும் ஒன்று போட்டுக்கொண்டேன். ராத்திரியில் ஏதாவது வேண்டுமென்றால் அம்மா டம்ளரால் சுவரைத் தட்டுவாள், உனக்குத் தெரியும். காலையில் டம்ளர் கீழே கிடந்தது. தண்ணீர் சிந்திக் காய்ந்திருந்தது. தட்டினாளா, கை தவறி விழுந்ததா, தெரியாது. இருதயம், சில நிமிஷ வேலை, நீங்கள் விழித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து மாத்திரை இல்லாமல் கண்ணை மூடினால் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

பம்பாயிலிருந்து தம்பி வந்து காரியம் செய்தான். கருமாதிப் பத்திரிகை அடித்தோம். உன் விலாசத்தையும் எழுதினேன். உனக்குத் தெரிந்தால் மாத்திரை நின்றுவிடும் என்பது ஒரு காரணம். எப்படிப் போனாள் என்று நீ கேட்பாய் என்பது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று எனக்கே தெரியவில்லை. தபாலில் போடாத அந்தப் பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் நீ அனுப்பிய கருப்பட்டி ஐந்து பெட்டியும் தகர டப்பாவில் இருக்கிறது. ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. மாத்திரை பன்னிரண்டு இருக்கிறது. இனி அனுப்பாதே என்று எழுதத் தைரியம் வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

நாச்சியார்


பாளையங்கோட்டை,
25-9-1974

நாச்சியாருக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. எழுதக் கை வரவில்லை.

எட்டு மாதமாக ஒரு செத்த மனுஷியின் உறக்கத்துக்காக ஜெபம் பண்ணியிருக்கிறேன். இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாஸ்டலுக்குத் தூக்குச்சட்டியில் இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்து, உனக்கு முன்னால் எனக்குப் பரிமாறியவள் உன் அம்மா. எனக்கு அழ வேண்டிய நாளில் அழ விடாமல் செய்துவிட்டாயே, ஏட்டி. அதை எப்படித் திருப்பித் தருவாய்?

பூஜை லீவுக்கு வரவில்லை. இப்போது வந்தால் சண்டைதான் போடுவேன்.

என் தப்பும் இருக்கிறது. உன் கையெழுத்தை நம்பினேன், சீட்டைப் பார்க்கவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனா? இங்கே நம் டாக்டரம்மாவிடம் பேசினேன். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்றார்கள். இதை நீயே வகுப்பில் நடத்துகிறாய். அவர்கள் சொன்னபடி ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம், தேதி போட்டு மைதீனிடம் கொடுத்திருக்கிறேன். உன்னிடம் மிச்சம் இருப்பதை அவனிடம் கொடுத்துவிடு. அந்த ஏழு நாளைக்குள் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொல். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும். உன் பேரில் சீட்டு வந்தால்தான் அடுத்த பொட்டலம், அதுவும் வாரம் ஒரு கடிதத்துக்குத்தான். இந்த முறை பொட்டலத்தின் மேல் உன் பேரை எழுதியிருக்கிறேன். அம்மா பேரை இனி மாத்திரை மேல் எழுத மாட்டேன்.

டம்ளரைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் தட்டினாளா என்று எனக்கும் தெரியாது. அதை இனி இரண்டு பேருமாகத் தெரியாமல் இருப்போம்.

ராகேல்


ஸ்ரீவராகம்,
3-12-1974

அன்புள்ள ராகேல்,

இது பத்தாவது வாரக் கடிதம். ஒன்பது கடிதத்துக்கு ஒன்பது பொட்டலமும் ஒன்பது துண்டுச் சீட்டும் அனுப்பினாய். சீட்டில் "பெற்றுக்கொண்டேன், ராகேல்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. போன வாரம்தான் "மழை உண்டா?" என்று சேர்த்திருந்தாய். உண்டு. கடைசியில் கேட்டுவிட்டாயே.

டாக்டர் போன சனிக்கிழமையோடு நிறுத்தச் சொன்னார். நிறுத்தியாயிற்று. முதல் இரவு ஒன்றும் இல்லை. இரண்டாம் இரவு சத்தம் கேட்டது, எழுந்து விளக்கைப் போட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அதுதானா என்று தெரியாது. போய் அவர்களை எழுப்பிக் கொக்கி மாட்டச் சொன்னேன். திட்டினார்கள்.

ஞானபாயின் இரண்டு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அந்தம்மா மாத்திரை கொடுக்கிறவங்ககிட்ட சொல்லிட்டாங்க" என்றேன். "நல்லது. பின்னே ஒறங்கினாங்களா?" என்றாள். கொஞ்சம் என்றேன். என் கண்ணைப் பார்த்தாள். பிறகு நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் ஜெபத்தைப் பற்றி யோசித்தேன். அந்த எட்டு மாதமும் இந்த வீட்டில் உறக்கம் தேவைப்பட்டவள் ஒருத்தி இருந்தாள். பேர் மட்டும்தான் மாறிப்போயிருக்கிறது. என்னைப் போன்ற ஒருத்தி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

தை மாதம் அம்மாவின் முதல் திதி. நீ அழ வேண்டியது பாக்கி இருக்கிறது. இங்கே வந்து அழு, சண்டையும் போடு. கருப்பட்டி டப்பாவை நீ வந்துதான் திறக்க வேண்டும்.

உன்,
நாச்சி

அடியில் அம்மா எழுதுகிற இடம் காலியாக இருக்கிறது. நீ முதலில் அங்கேதான் பார்த்திருப்பாய். அதனால் பென்சிலில் எழுதுகிறேன்:

நல்லா சாப்பிட்டேன்.
நேற்று மூணு மணி நேரம் ஒறங்கினேன்.