ஒன்பதில் ஒரு செய்தி

மார்ச் 3, செவ்வாய்
கண் அறுவை முடிந்து இரண்டாம் நாள். கறுப்புக் கண்ணாடி. பெரிய எழுத்தில் பத்து வரி எழுதிக்கொள்ள டாக்டர் அனுமதித்தார்; பேப்பர் மட்டும் கூடாதாம். மனைவி படித்துக் காட்டுகிறாள். ஒரு நாட்டில் காணாமல் போன மீனவர்கள் பதினோராம் நாள் கரை சேர்ந்தார்கள். இன்னொன்றில் சண்டை ஓய்ந்த ஊரில் பள்ளிக்கூடம் திறந்தது, வந்தது நாலு பிள்ளைகள். மூன்றாவதில் அழிந்ததென்று நினைத்த நாரை ஒரு சோடி.

நாற்பது வருடமாகப் பேப்பர் படிக்கிறேன். இப்படி நல்ல செய்தியாகவே ஒரு நாள் வந்ததில்லை.

மார்ச் 4
"மொதப் பக்கத்துல என்ன?"
"கார் விளம்பரம்."
"முழுப் பக்கமுமா?"
"முழுப் பக்கமும்தான். வேணும்னா ஒண்ணு வாங்குங்க."

மார்ச் 6, வெள்ளி
மனைவி நல்லதாகவே படிப்பதன் காரணம் புரிகிற மாதிரி இருக்கிறது. மகள் நர்ஸ். வெள்ளம் புகுந்த வெளிநாடு ஒன்றின் மருத்துவமனைக்கு ஆறு மாதம் வரச்சொல்லி அழைப்பு. பதினான்காம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "அப்பா மனசாரச் சரின்னு சொன்னாத்தான் போவேன்" என்கிறாள். போன மாதமே தலைப்புகளைக் காட்டி மறுத்துவிட்டேன்: அணை உடைந்தது, காலரா, நிவாரண லாரி கொள்ளை.

இன்று மனைவி படித்த செய்தி — அதே மருத்துவமனையில் நர்ஸ்கள் விடுதிக்குத் தண்ணீரும் மின்சாரமும் வந்துவிட்டனவாம். எவ்வளவு பொருத்தம்! தாயும் மகளும் சேர்ந்து கண் தெரியாதவனை ஏமாற்றுகிறார்களா? சீ, என்ன புத்தி இது. ஆனாலும் —

மார்ச் 9
மகள் சொட்டு மருந்து விட்டாள். "உங்கம்மா படிக்கிறதெல்லாம் பேப்பர்ல இருக்கா?"
"அம்மாகிட்டயே கேளுங்கப்பா."
எனக்கு அந்தத் தைரியம் ஏது. இதுவரை கேட்ட ஒன்பது செய்திகளையும் தேதியோடு குறித்து வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்
படிக்கலாம் என்றார் டாக்டர். மனைவி கடைக்குப் போனதும் பழைய பேப்பர்களை இறக்கினேன். நூலகத்தில் வேலை பார்த்தபோது அட்டைகளைச் சரிபார்த்தது போல ஒவ்வொன்றாக. எட்டுச் செய்திகள் இருந்தன! ஏழாம் பக்கம், பதினோராம் பக்கம், கீழ்மூலை, கட்டைவிரல் அகலம். இத்தனை வருடம் இவற்றைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். கார் விளம்பரமும் இருந்தது.

தண்ணீர், மின்சாரம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மார்ச் 13
மனைவியிடம் கேட்டே விட்டேன்.
"அது பேப்பர்ல வரல. அங்க இருக்கிற ஹெட் நர்ஸ் நம்ம பொண்ணுக்கு எழுதினது."
"அப்ப ஏன் பேப்பர்ல வந்த மாதிரி படிச்ச?"
"அச்சுல வந்தாத்தானே நம்புவீங்க. பெத்த பொண்ணு சொன்னா நம்புவீங்களா?"

கடிதத்தை வாங்கிப் படித்தேன். தண்ணீர் வருகிறது. மின்சாரம் நாலு மணி நேரம்தான்.
"இந்த நாலு மணி நேரத்தை ஏன் விட்டுட்ட?"
"அதை வாய்விட்டுப் படிச்சா நானே அவளைப் போகாதேன்னு சொல்லிடுவேன்."

அவளுக்கும் பயம் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மார்ச் 14
மகளிடம் சரி என்றேன். "மனசாரவாப்பா?" முக்கால்வாசி என்றேன். "போதும்ப்பா."

ஏப்ரல் 21, செவ்வாய்
முதல் பக்கத் தலைப்பே அந்த நாடுதான்: மறுபடி கனமழை. இரண்டு முறை படித்தேன். மனைவியும் படித்தாள். பத்து மணிக்கு அங்கிருந்து மகள் போனில் வந்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை தாங்கவில்லையாம். கஞ்சியில் உப்பில்லையாம். ஷூ காயவே மாட்டேன் என்கிறதாம். கால் மணி நேரம் புகார்.

உயிருக்குப் பயந்தவள் குறட்டைக்கா அழுவாள்? மனைவியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். என் கணிப்பு தப்பாகவும் இருக்கலாம். மதியம் இரண்டு பேருமே நன்றாகத் தூங்கிவிட்டோம்.