கண் டாக்டரும் உணவு டாக்டரும் ஒருவரே என்பது குறித்து

அனுப்புநர்:
லிப்ட் பராமரிப்பாளர்
மற்றும் ஆய்வு மருத்துவரின் தாய்மாமன்,
இயந்திர அறை, மொட்டைமாடி,
மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பெறுநர்:
கல்லூரி முதல்வர் அவர்கள்,
முதல் தளம், மேற்படி மருத்துவமனை.

பொருள்: என் அக்கா மகளின் ஆய்வுக் கட்டுரைகள் இரண்டு பேர் எழுதியவையாகப் பதிவாகியிருப்பதைத் திருத்தி, வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு முன் ஒரே பதிவாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றே சொன்னேன். என் அக்கா மகள் கண் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த நாளில், "இவ ஒரு ஆள் வேலையோட நிக்க மாட்டா" என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அறிவித்தேன். இன்று தங்கள் ஆய்வுப் பதிவுப் பிரிவே அவளை இரண்டு ஆளாக எழுதி வைத்திருக்கிறது.

2. கண் பிரிவு தரைத்தளத்தில் உள்ளது. சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிறவர்களுக்கும், சாப்பிட்டதை எண்ணி வருந்துகிறவர்களுக்குமான உணவுக் கோளாறுப் பிரிவு நான்காம் தளத்தில் உள்ளது. அவள் கீழிருந்து மேலே மாற்றலானபோது, ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகப் பதிவு தொடங்கும் வழக்கப்படி, அங்கே அதே பெயரில் புதிதாக ஒருவரைத் தொடங்கிவிட்டார்கள். கீழே இருப்பவர் கண்ணைப் பற்றி மட்டும் எழுதியவர். மேலே இருப்பவர் உணவைப் பற்றி மட்டும்.

3. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். அவள் கண் பிரிவில் இருந்தபோது ஒருநாள் மின்சாரம் போய் லிப்ட் நடுவழியில் நின்றது. உள்ளே என் அக்கா மகளும், கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த கல்லூரிப் பெண் ஒருவரும் இருந்தார்கள். அவசர விளக்கு எரிந்தும் அந்தப் பெண்ணுக்குப் பொத்தான் தெரியவில்லை, சுவரைத் தடவினார். அருகில் நின்ற நான், "மருந்து இருக்கட்டும்மா, சாப்பிட்டியான்னு கேளு" என்று அக்கா மகள் காதில் சொன்னேன். அவள் கேட்டாள். அந்தப் பெண் அழுதுவிட்டார். பல மாதமாக ஒழுங்காகச் சாப்பிடாமல் சத்துக் குறைந்து, மங்கலான வெளிச்சத்தில் பார்வை போயிருந்தது. உணவைப் பற்றிய அவளுடைய முதல் கட்டுரை அங்கே பிறந்தது. வெளிநாட்டில் அதை வாசித்தபோது கைதட்டல் ஓய்வதற்குள் எல்லோருடைய டீயும் ஆறிப்போனதாம்.

4. பதிவு எழுத்தரிடம் நேரில் முறையிட்டேன். "கண் டாக்டர் எதுக்குங்க சாப்பாட்டைப் பத்தி எழுதப் போறாங்க? பேரு ஒத்துப் போச்சு, அவ்வளவுதான்" என்றார். "ஏன் சார், நீங்க தட்டைப் பாக்காமலே சாப்பிடுவீங்களா?" என்று பணிவுடன் வினவினேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

5. இரு பிரிவுகளும் சேர்ந்த புதிய சிகிச்சை மையத்துக்குத் தலைவர் தேடுகிறார்கள். இரண்டிலும் கட்டுரை எழுதியவர் வேண்டுமாம். அவள் விண்ணப்பம் திரும்பி வந்தது. "கண் ஆய்வுகள் அதே பெயருள்ள வேறொருவருடையவை. இருவரும் இணைந்து பணியாற்றினால் துறைக்கு நன்மை பயக்கும்" என்று குறிப்பும் எழுதியிருந்தது. அவள் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "மாமா, கீழ்த்தளத்து அம்மா ரொம்பக் கெட்டிக்காரியாம். பார்த்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றாள். என் அக்காவோ, "மாமனும் மருமகளும் நல்லாச் சிரிங்க. அந்த வேலைய வேற எவனாவது தூக்கிட்டுப் போகட்டும்" என்று கரண்டியோடு வந்து நின்றார்.

6. தரைத்தளத்தில் ஏறுபவரும் நான்காம் தளத்தில் இறங்குபவரும் ஒரே பெண்மணி என்பதற்கு இந்த லிப்டை இயக்கும் நானே சாட்சி. நடுவில் ஆள் மாற வசதியில்லை.

7. சொட்டு மருந்து வாங்க வந்த அந்தப் பெண் போன வாரம் லிப்டில் நின்றபடியே ஒரு பொட்டலம் பிஸ்கட்டைத் தீர்த்தார். உள்ளே தின்னக் கூடாது என்ற பலகையை நான் முதுகால் மறைத்து நின்றேன். தூளையும் அன்று கூட்டவில்லை. இதற்கான நடவடிக்கையை என் மீது தாராளமாக எடுக்கலாம்.

ஆகவே, தாங்கள் கருணை கூர்ந்து இரண்டு பேரையும் வெள்ளிக்கிழமைக்குள் ஒருவராக்கி, அவளை நேர்காணலில் உட்கார வைக்குமாறு வேண்டுகிறேன். மையம் அவள் கைக்கு வந்தால் இன்னும் எத்தனையோ பேர் இந்த லிப்டை அசுத்தமாக்குவார்கள். நான் மகிழ்ச்சியோடு கூட்டுவேன்.

இடம்: இயந்திர அறை
நாள்: ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
லிப்ட் மாமா

பின்குறிப்பு: மூன்றாம் பத்தியில் நான் காதில் சொன்னதாக உள்ள வரியை அடித்துவிடவும். அப்போது நான் லிப்டுக்குள் இல்லை, மொட்டைமாடியில், மின்சாரம் இல்லாதபோது லிப்டை நகர்த்தும் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து கதவைத் திறந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்டது முழுக்க அவளே. அவள் வேலை அவள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, அதில் ஒரு துண்டை நானே எடுத்துக்கொண்டால் எப்படி?