நாமா, நாங்களா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகளும் இங்கே சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட கூச்சலிலேயே தெரிந்துவிட்டது. அழுதாயாம், சிரித்தாயாம், பிள்ளைக்கு ஜன்னலோரம் சின்னக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாயாம், லீவு விட்டதும் வந்து கூட்டிப்போகிறாயாம். அதன்பின் நீ போன் போட்டதாக உன் அக்கா வந்து ஒரே மூச்சில் சொன்னாள். அவளிடம் சொல்ல வந்த வாய் என்னிடம் வரவில்லை உனக்கு.

கூட்டிப்போவதற்கு முன்னால் பிள்ளை சொன்னது என்னவென்று சரியாகத் தெரிந்துகொள். நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் காது இரண்டும் பழுதில்லை. நீ இருக்கும் ஊர்ப் பாஷையென்று போனில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டே நானும் கேட்கிறேன். எது அதிகம் பிடிக்கும் என்று சொல்ல ஒரு சொல். நான் என்றால் ப்ரெஃபியேரோ, நீ என்றால் ப்ரெஃபியேரெஸ், அவள் என்றால் ப்ரெஃபியேரே. இப்படி நடுவில் ஃபியே என்று நெளிந்துகொண்டே வந்த சொல், என்னோடு ஆள் சேர்ந்து ப்ரெஃபெரிமோஸ் என்னும்போது மட்டும் நெளியாமல் நிற்கிறது. உன் மகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த வயதில் நீ வாய்ப்பாட்டுக்கே மூக்கைச் சிந்தினவள். பாலா காபியா என்றால்கூட ப்ரெஃபியேரோ போட்டுத்தான் பதில். பித்தான் தைத்த துணியை வாங்க வந்த தையற்கடை அண்ணன், என்ன பாப்பா என்னைத் திட்டுறியா என்று கேட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம், ப்ரெஃபெரிமோஸ் விவீர் ஹுன்தாஸ் என்றாள். ஒன்றாக இருக்கத்தான் பிடிக்கிறது என்று அர்த்தம். நீ உடனே உன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டாய். அந்த மொழியில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்லாம். நமக்கு அப்படியா? போனை வைத்ததும் கேட்டேன், அம்மாகிட்ட நாமன்னு சொன்னியா நாங்கன்னு சொன்னியா என்று. நாங்கன்னுதான் பாட்டி, நீங்களும் நானும், அம்மாவையும் சேர்த்துக்கிறதுக்கு வேற வார்த்தை இருக்குமில்ல, அதை அம்மா இன்னும் சொல்லித் தரலையே என்றாள். சொல்லித்தர உன்னிடம் இருந்தால்தானே.

உன் அக்கா, இதையெல்லாம் எழுதாதீங்கம்மா, அவ தாங்க மாட்டா என்கிறாள். ஏன் தாங்க மாட்டாய்? பல் முளைக்காத பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனபோது தாங்கினாயே. இப்போது அந்தப் பல் விழ ஆரம்பித்துவிட்டது. முதல் பல் என்னிடம் இருக்கிறது, அனுப்புவதாக இல்லை.

கட்டிலைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேள். ஹோட்டல் விரிப்புகளைத் தோய்த்துத் தோய்த்துக் கை வெடித்திருக்கும், படுக்கும் முன் எண்ணெய் தடவு. நீ அனுப்பிய செருப்பு கட்டைவிரலோடு நின்றுவிட்டது, உன் கணக்கில் அவள் வளரவே இல்லை போலிருக்கிறது. இனி வாங்குவதென்றால் அளவை என்னிடம் கேட்டு வாங்கு, மறக்காதே. நன்றாக இரு மகளே. அங்கேயே நன்றாக இரு.

இப்படிக்கு,
நாங்கள்