மரக்காணம் பக்கத்து நீலப் புள்ளி

அந்தத் தண்ணீர் பாட்டில் இன்றுவரை என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இன்று விழுப்புரம் அலுவலகத்தில் எங்கள் பிரிவை மாடிக்கு மாற்றினார்கள். சாமான் கட்ட வந்தவர் "ஊத்திடட்டுமாங்க?" என்று அதன் மூடியில் கை வைத்தார். பாவம், அவரிடம் கத்திவிட்டேன்.

அந்த மீனவக் குப்பம் உனக்கு நினைவிருக்குமே. ஊர் ஊராகப் போய்க் கைபம்புத் தண்ணீர் பிடித்து, சோதனை முடிவைக் கணினி வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். நல்ல தண்ணீருக்கு நீலம், உப்புக்குச் சிவப்பு. சிவப்பு ஊர்களுக்குத்தான் முதலில் குழாய். அன்று நீ ஜிபிஎஸ் கருவியோடு வெயிலில் நின்றாய். நானோ அங்கிருந்த மீன்காரம்மாவிடம் "இதுல தண்ணி குடுங்க" என்று பாட்டிலை நீட்டிவிட்டு, அவர் கொடுத்த மல்லாட்டையை ஓடுடைத்துக் கொறித்தபடி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். சோம்பலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

வரைபடம் வந்தது. கடலோரம் முழுக்கச் சிவப்பு, நடுவில் ஒரே ஒரு நீலப் புள்ளி. நான் பூரித்துப்போனேன். நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நாக்குல ஒரு சொட்டு வெச்சுப் பாத்தியாடி?"

"லேப்ல பாத்துட்டாங்களே. நாளைக்கு ரிப்போர்ட்டு போவணும்டி."

"போவட்டும். கெளம்பு."

திண்டிவனம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் மீன்காரம்மா சிரித்தார்.

"வெயில்ல வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியா குடுப்பாங்க? குடிக்கத்தான் கேக்கறீங்கன்னு, பக்கத்தூர்ல இருந்து தலையில தூக்கினு வந்த தண்ணிய ஊத்தினேன்."

நீ கைபம்புக்குப் போனாய். தேங்கிய தண்ணீர் போகும்வரை பம்பை அடித்தாய். வந்த தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிப் பிடித்தாய். ஒரு சொட்டை நாக்கில் வைத்து முகம் சுளித்தாய். "நம்ம நீலத்த நம்பினா இவங்களுக்குக் கொழாயே வராதுடி" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புள்ளி சிவப்பானது. ஆனால் குழாய் வர வருடங்கள் ஆயின. அதற்குள் ஒரு மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போதும் சோம்பி உட்காரும்போதெல்லாம் உன் "கெளம்பு" காதில் விழாதா என்று ஏங்குகிறேன்.

குழாய்த் தண்ணீரைச் சோதிக்கத் தனியாகத்தான் போனேன்.

"கூட வர்ற அம்மா எங்க?" என்றார் மீன்காரம்மா.

குனிந்து பாட்டில் பையைத் திறந்தேன். "வரலீங்க" என்றேன்.

அவர் என் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். உன்னைப் போலவே மூன்று முறை அலசினார். குழாயில் நிரப்பி, என் கையில் வைத்தார்.

"அவங்ககிட்ட குடுங்க. இந்த வாட்டி எங்க ஊர் கொழாத் தண்ணியேதான்னு சொல்லுங்க."

உனக்கென்று கொடுத்ததை நான் எப்படி ஊற்றுவது? மற்ற சாமானையெல்லாம் ஆள்கள் தூக்கினார்கள். இதை மட்டும் நானே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.