பென்சிலால் வெளுத்த முகம்

காலையிலிருந்து என் விரல்களில் டர்ப்பன்டைன் வாசனை. சோப்புப் போட்டும் போகவில்லை. உங்கள் மனைவி போத்தனூரிலிருந்து என் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். "ஏனுங்க, அவரு படம் ஒண்ணுகூட எங்க ஊட்டுல இல்லீங்க. உங்ககிட்ட இருக்குங்களா?" என்றார். நீங்கள் இறந்துபோய் ஒரு மாதம் ஆகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன், ரயிலுக்குக் கொடி காட்டும் கார்டு வேலைக்கான மனுவோடு வைக்க எடுத்த படத்தின் கண்ணாடி நெகடிவ்.

உங்கள் அப்பாவழித் தாத்தா வெள்ளைக்கார என்ஜின் டிரைவர். அந்த வழியில் நீங்களும் உங்கள் அண்ணனும் ஆங்கிலோ இந்தியர்கள். அண்ணனுக்குத் தாத்தாவின் நிறம், உங்களுக்கு அம்மாவின் நிறம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் ஸ்டேஷனில் அவரைத் துரை என்றார்கள், உங்களை ஏய் என்றார்கள். ரயில்வேயில் ஆங்கிலோ இந்தியர்களுக்கென்று ஒதுக்கியிருந்த கார்டு வேலையும் குவார்ட்டர்ஸும் அவருக்குக் கிடைத்திருந்தன. உங்களுக்கும் அதே உரிமை உண்டு என்று நம்பி மனு எழுதினீர்கள்.

"எம் மூஞ்சிய அப்படியே உட்டுருங்க. பென்சில் கின்சில் போட்டுப்போடாதீங்க" என்று சிரித்தீர்கள். நான் கேட்டேனா? நெகடிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கல்யாணப் பெண் முதல் மில் முதலாளி வரை எல்லோரையும் வெளுத்துத்தான் அனுப்புவேன், ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்ற பெரிய நினைப்பு வேறு. மனுவுக்குக் கடைசி நாள் என்று படத்தை உறையில் வைத்து நானே தபாலில் சேர்த்தேன். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

நேர்காணலில் அந்த வெள்ளைக்கார அதிகாரி படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தாராம். வேறு யாருடைய படத்தையோ வைத்து ஏமாற்ற வந்தவன் என்று வெளியே அனுப்பிவிட்டார். நேரே என்னிடம் வந்தீர்கள். திட்டவில்லை. "ஒரு எட்டு வந்து, இது இவருதான், பென்சில் போட்டது நானுன்னு சொல்லிப்போடுங்க. போதுமுங்க" என்றீர்கள்.

"நாளைக்கு வாரேனுங்க" என்றேன். போகவில்லை. அந்த அதிகாரி வீட்டுக் குழந்தைகளைப் படம் எடுப்பவன் நான். துரைமார் வாடிக்கை போய்விடுமே என்று பயந்தேன், வேறு காரணமே இல்லை. மூன்று நாள் வந்து என் கடை பெஞ்சில் காத்திருந்தீர்கள். நாலாம் நாள் வரவில்லை. பிறகு என்ஜின் ஷெட்டில் கரி அள்ளுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போத்தனூரில் ரயில் மாறும்போதெல்லாம் கோழையைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

இன்று பஞ்சை டர்ப்பன்டைனில் நனைத்து நெகடிவைத் துடைத்தேன். கால் மணி நேரத்தில் பென்சில் பூச்சு முழுக்கப் போய்விட்டது. புதிதாக அச்சுப் போட்டு உங்கள் மனைவியிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது அவருதானுங்க" என்றார்.

அன்று நீங்கள் என்னைச் சொல்லச் சொன்னதும் அவ்வளவுதான்.